அட்டையில் இல்லாத தோல்: ஆம்பூரிலிருந்து பாட்டு அட்டைகளை வாசித்தல்

என் மேசைமேல் மூன்று கேசட்டுகள் இருக்கின்றன. மூன்றும் ஆம்பூர்ப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் கிடைத்தவை. முதல் அட்டையில் மதீனாவின் பச்சைக் குவிமாடம், மேலே பிறை, ஓரத்தில் தொப்பி அணிந்த பாடகரின் சிறு படம். இரண்டாவது முழுக்க நீலம். கோட்டும் கண்ணாடியுமாக அம்பேத்கர் நிற்க, அவருக்குப் பின்னால் அசோகச் சக்கரம். மூன்றாவதில் மஞ்சளும் சிவப்பும் கலந்த பின்னணியில் அகன்ற விழிகளோடு அம்மன், சூலம், வேப்பிலைக் கொத்து. ரம்ஜான் மாதத்துக்கு ஒன்று, ஏப்ரல் 14க்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று.

மூன்றையும் ஓடவிட்டு முன்னிசையை மட்டும் கேட்டேன். மூன்றிலும் கீபோர்டு, டோலக், தாம்பூரின். மூன்றிலும் ஒரே வேகம். மூன்றிலும் பல்லவி முடிந்ததும் அதே இடத்தில் குழல் வந்து விழுகிறது. பாடகர் வாய் திறக்கும்வரை எது எந்தத் தெருவில் ஒலிக்கும் பாட்டு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அட்டையைப் பார்த்தாலோ நொடியில் தெரிந்துவிடுகிறது.

இசைத்தொகுப்பின் அட்டை ஒலியைப் படமாக்கித் தருகிறது, அதன் வழியாக இசைவகையையும் பாடுபொருளையும் உணர்த்துகிறது என்பது வடிவமைப்பு பற்றி எழுதுவோரின் பொதுவான கருத்து. தமிழ் அட்டைகளுக்கு இது பாதிதான் பொருந்தும் என்பது என் வாதம். நம் அட்டைகள் ஒலியைவிட அந்த ஒலிக்கு உரிய அவையையே முதலில் சொல்கின்றன. யார் கேட்கலாம், எந்த நாளில் கேட்கலாம், கேட்கும்போது யாரை முன்னால் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் அட்டைதான் வகுக்கிறது. அந்த வரிசையில் முன்னுக்கு வராத ஒன்று உண்டு. தோல் ஊரான ஆம்பூரில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு அது கண்ணில் பட்டே தீரும்.

அட்டை என்பதே பின்னாளில் வந்தது. 78 சுழற்சி இசைத்தட்டுகள் வெறும் தாளுறையில் விற்கப்பட்டன. நடுவில் வட்டமாக ஒரு துளை, அதன் வழியே தட்டின் லேபிள் தெரியும். உறையில் கம்பெனி விளம்பரம், கிராமபோன் குழாய்க்கு முன்னால் செவி சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாய். பாடியவர் பெயர், ராகம், தாளம் என்று இசைவகை எழுத்தில்தான் இருந்தது. அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியில் 1930களின் இறுதியில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் அன்றைய வெற்று உறைகளைக் கல்லறைக் கற்களோடு ஒப்பிட்டார். தொகுப்புக்கு ஓவியத்தோடு கூடிய மேலட்டை வேண்டும் என்று வாதாடிச் செய்தும் காட்டினார். அந்த வழக்கம் எல்.பி. தட்டோடு நம்மிடம் வந்தது. ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் சதுரம். ஒரு காலண்டர் அளவுக்கு இடம்.

அதன் பிறகு கேசட். அதன் முகப்பு 10 சென்டிமீட்டர் உயரம், ஆறரை சென்டிமீட்டர் அகலம். கணக்குப் போட்டால் எல்.பி. அட்டையில் 15இல் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன இடத்தில் நுணுக்கம் எடுபடாது. நிறமும் ஒரே ஒரு சின்னமும்தான் கடையின் கண்ணாடிக்கு அப்பால் நிற்பவனை எட்டும். பச்சை, நீலம், மஞ்சள் என்ற பகுப்பு இவ்வளவு கெட்டிப்பட்டதற்கு மதமும் அரசியலும் காரணம் என்றால், இந்த ஆறரை சென்டிமீட்டரும் ஒரு காரணம். அம்மன் அட்டையின் முகம் கோவில்பட்டி சி. கொண்டையராஜு வழிவந்த காலண்டர் ஓவியத்தின் முகம். வீட்டுச் சுவரில் ஏற்கெனவே தொங்கிய படத்தைச் சிறிதாக்கிப் பெட்டிக்குள் வைத்தார்கள். வாங்குபவருக்கு அறிமுகம் தேவைப்படவில்லை.

பச்சை அட்டையில் சற்று நிற்க வேண்டும். ஆம்பூர் மாதிரியான ஊரில் அது மேலும் பேசுகிறது. நாகூர் ஈ.எம். ஹனிபா ஒரே குரலில் இரண்டு அவைகளுக்குப் பாடியவர். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்று பாடிய அதே கம்பீரக் குரல்தான் திராவிட முன்னேற்றக் கழக மேடைகளில் ‘அழைக்கின்றார் அண்ணா’ என்று எழுந்தது. 2015 ஏப்ரலில் அவர் மறையும்வரை இரண்டும் கூடவே இருந்தன. பாடும் முறையிலும் உச்சத்தில் நிறுத்தி நிறுத்திச் சொல்லும் உச்சரிப்பிலும் பெரிய மாற்றம் இல்லை. கறுப்பு சிவப்பும் உதயசூரியனும் ஒரு பக்கம், குவிமாடமும் பிறையும் மறுபக்கம் என்று பிரித்துக் காட்டியது அட்டைதான். ஒரு வீட்டில் இரண்டு கேசட்டும் இருக்கலாம். ஆனால் ஒலிபெருக்கிக்காரர் எதை எந்தப் பந்தலுக்கு எடுத்துப் போக வேண்டும் என்பதில் குழம்பியிருக்க மாட்டார்.

இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். இந்து பக்தி அட்டையில் நடுவிடம் தெய்வத்துக்கு. பாடகர் படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறையில்லை. இஸ்லாமியப் பாடலில் போற்றப்படுபவரை வரைய முடியாது. அதனால் நபிக்குப் பதிலாக ஒரு கட்டடம் வந்து நிற்கிறது, தெய்வ முகம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் பாடகரின் முகம் வருகிறது. ஹனிபாவின் தொப்பி வெறும் உடையாக இருந்தால் போதாது என்று ஆனது இப்படித்தான். அது இசைவகையின் முத்திரையாகவே மாறிவிட்டது. கட்டடம் எது என்பதிலும் பேச்சு உண்டு. நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களைப் போட்ட அட்டையும் மதீனாக் குவிமாடத்தோடு நிறுத்திக்கொண்ட அட்டையும் ஒன்றல்ல. முதலாவது ஷாகுல் ஹமீது வலியுல்லாவின் கந்தூரிக்குப் போகிறவரை அழைக்கிறது. தர்கா வழிபாட்டை ஏற்காத வீட்டிலும் இரண்டாவது நுழையும். பள்ளிவாசல்களும் மதரசாக்களும் நெருக்கமாக உள்ள, வீட்டில் உருதும் கடையில் தமிழும் பேசும் ஊரில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தப்பாது. தலைப்பு எந்த எழுத்தில் என்பதும் அப்படியே. தமிழ் எழுத்தில் ‘இஸ்லாமிய கீதங்கள்’ என்று போட்டால் ஒரு தெரு, உருது நஸ்தலிக் எழுத்தில் ‘நாத்’ (நபி புகழ்ப்பா) என்று போட்டால் பக்கத்துத் தெரு.

திரைப்பட அட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை சுவரொட்டியின் குட்டிகள். நடிகர் முகமே இசைவகை. இதை மீறியவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இளையராஜா 1986இல் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாகுக்கும் காணிக்கையாக்கி வெளியிட்ட தொகுப்புக்கு ‘ஹௌ டு நேம் இட்’ என்று பெயர் வைத்தார். நடிகரும் தெய்வமும் இல்லாத இடத்தில் அட்டை எதைச் சொல்லி விற்கும் என்ற கேள்வியையே அவர் தலைப்பாக்கிவிட்டார். இசைவகைக்குப் பெயரில்லை என்று அட்டையே ஒப்புக்கொண்ட அரிய இடம் அது.

இனி தோலுக்கு வருகிறேன்.

கர்நாடக இசைத்தட்டுகளின் முகப்பை நினைவுகூருங்கள். பட்டு, சந்தனம், ஜமக்காளம், பின்னால் நிமிர்ந்த தம்புரா. ஓவியமாக இருந்தால் பெரும்பாலும் வீணை. மரத்தாலும் தந்தியாலும் ஆன கருவிகளே ‘சாஸ்திரீயம்’ என்று அட்டையில் கையெழுத்துப் போடுகின்றன. கச்சேரியின் முதுகெலும்பான மிருதங்கம், தாளவாத்தியத் தொகுப்பாக இல்லாதவரை, பெரும்பாலும் அட்டையின் பின்பக்கத்தில் வாசித்தவரின் பெயராகச் சிறிய எழுத்தில் இருக்கும். அதைச் செய்தவர் பெயர் பின்பக்கத்தில்கூட இராது.

மிருதங்கத்துக்குப் பசு, எருமை, ஆடு என்று மூன்று விலங்குகளின் தோலும் வேண்டும். வலந்தலை, தொப்பி என்ற இரு முகங்களுக்கும் வட்டங்களை அடுக்கி, எருமைத்தோல் வாரை இழுத்துக் கட்டி, சோறு பூசித் தேய்த்து நாதம் கொண்டுவருவது வாசிப்பவரின் காதுக்கு நிகரான காது தேவைப்படும் வேலை. அந்தக் காது பல தலைமுறைகளாகத் தலித் கிறித்தவக் குடும்பங்களிடம் இருந்து வருகிறது. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா இந்தக் குடும்பங்களைப் பற்றி ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூல் எழுதினார். 2020இல் அதை வெளியிட இடம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா, நூலின் ஒரு பகுதி நாளிதழில் வந்ததும் அனுமதியை விலக்கிக்கொண்டது. விழா ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்துக்கு மாறியது. மிருதங்கத்தின் தோலைப் பற்றிய பேச்சு ஒரு அரங்கத்தின் வாசலைத் தாண்ட முடியாமல் நின்ற நாட்டில், அது அட்டைக்கு வராமல் போனதில் வியக்க ஒன்றுமில்லை.

ஆம்பூர்க்காரர்கள் இங்கே ஒரு திருத்தம் சொல்வார்கள், அது சரியான திருத்தம். பறைக்கும் மிருதங்கத்துக்கும் போவது பதனிட்ட தோல் அல்ல. மயிர் நீக்கி, விறைப்பாக இழுத்துக் காயவைத்த பச்சைத்தோல். இங்கே ஷாப் எனப்படும் தோல் பதனிடும் ஆலையில் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, சதை சீவி, குரோம் ஏறி ‘வெட் ப்ளூ’வாக வெளிவரும் தோல் வளையும், நெகிழும், அடித்தால் ஒலிக்காது. ஷூவின் மேல்பாகமான அப்பருக்கு வேண்டியது அந்த மௌனம்தான். ஒரே விலங்கின் தோல் ஒரு கையில் இசையாகிறது, இன்னொரு கையில் ஏற்றுமதிச் சரக்காகிறது. இரண்டு கைகளும் பெரும்பாலும் ஒரே சேரியிலிருந்து வந்தவை.

மௌனமான தோலுக்கு உலகத்து அட்டைகளில் தனி மரியாதை உண்டு. 1976இல் வந்த ரமோன்ஸ் குழுவின் முதல் தொகுப்பு: ராபர்ட்டா பேலி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், செங்கல் சுவர், கிழிந்த ஜீன்ஸ், நால்வரின் மேலும் கறுப்புத் தோல் ஜாக்கெட். பங்க் என்ற இசைவகைக்கு அந்த ஜாக்கெட்டே அடையாளமாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘பார்ன் டு ரன்’ அட்டையில் அவரும் கறுப்புத் தோல் ஜாக்கெட்டில்தான் இருக்கிறார். கிதாரோடு சிரித்தபடி யாரோ ஒருவரின் தோளில் சாய்ந்திருக்கிறார். முன்பக்கத்தில் தோள் மட்டும் தெரியும். அட்டையை விரித்தால்தான் பின்பக்கத்தில் கிளாரன்ஸ் கிளெமன்ஸ் என்ற கறுப்பினச் சாக்ஸபோன் கலைஞர் முழுதாகத் தெரிவார். எரிக் மியோலா எடுத்த அந்தப் படத்தை நட்பின் படமாக அன்போடு பலர் பேசுகிறார்கள். நானும் அப்படித்தான் பார்க்கிறேன். ஆனாலும் சாய்பவர் முன்னாலும் தாங்குபவர் பின்னாலும் என்று அட்டை மடிந்திருப்பதை என் கண்ணால் விலக்க முடியவில்லை. அணியும் தோல் முகப்பில் வரலாம். அடிக்கும் தோலும் தாங்கும் தோளும் பின்பக்கம்.

இந்த வரிசையைத் தெரிந்தே கலைத்தவர்கள் நம்மிடம் உண்டு. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதல்முறை மேடையேறியது. பெயர் அயோத்திதாசர் கையாண்ட ‘சாதி பேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து எடுத்தது. கானா, ராக், ராப் மூன்றும் கலந்த இசைக்குக் கண்முன் எந்த வடிவம் கொடுப்பது? வழக்கமான ‘நாட்டுப்புற’ அட்டை என்றால் திறந்த மார்பு, தலைப்பாகை, மண் நிறம், பறையைக் காய்ச்ச மூட்டிய வைக்கோல் தீ. அவர்கள் சாம்பல் நிறக் கோட்டு சூட்டில் வந்தார்கள். என் மேசையில் இருக்கும் நீல அட்டையின் கோட்டுதான் அது. அம்பேத்கர் அணிந்த கோட்டை ஒலிபெருக்கிக் கேசட்டிலிருந்து எடுத்துப் பறையடிப்பவர் மேல் போட்டபோது, இசைவகையின் சின்னம் இடம் மாறியது. இனி இதைக் ‘கிராமியம்’ என்ற அடுக்கில் வைக்க எந்தக் கடைக்காரருக்கும் கை வராது. அண்மைக்காலத் தமிழ் இசைக் காட்சிகளில் இதைவிடத் துல்லியமாக யோசிக்கப்பட்ட வடிவமைப்பை நான் பார்த்ததில்லை.

அந்தக் குழுவில் பாடிய அறிவு அரக்கோணத்துக்காரர், பழைய வட ஆற்காட்டின் பிள்ளை. 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இசையில் பாடகி தீயோடு சேர்ந்து அவர் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’க்கு வரிகள் அவருடையவை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு உழைக்கப் போய், நிலமில்லாமல் திரும்பிய தம் பாட்டியின் நினைவை அவர் அதில் வைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் ‘எஞ்சாயி எஞ்சாமி’யையும் ‘நீயே ஒளி’யையும் முன்வைத்து மேலட்டை போட்டது. படத்தில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாடல்களுக்கும் எழுதிய அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார், பலரும் கேட்டார்கள், பிறகு அறிவுக்கென்று தனியே ஒரு மின்னிதழ் அட்டை வந்தது.

அது பத்திரிகை அட்டைதானே, இசைத்தொகுப்பின் அட்டை அல்லவே என்று ஒருவர் மறுக்கலாம். கேசட்டும் குறுந்தகடும் கடையிலிருந்து போய்விட்ட காலத்தில் ஒரு பாட்டின் முகத்தைத் தீர்மானிப்பவை இத்தகைய படங்களே என்பது என் பதில். இடம் போதாது, விற்பனைக்குத் தெரிந்த முகம் வேண்டும் என்று இன்னொருவர் சொல்லலாம். 31 சென்டிமீட்டர் சதுரம் இருந்த காலத்திலும் மிருதங்கம் பெரும்பாலும் முகப்புக்கு வரவில்லை. எனவே அளவைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘பார்ன் டு ரன்’ அட்டையை விரித்தாவது பார்க்கலாம். கைப்பேசித் திரையின் கட்டைவிரல் அளவுச் சதுரத்துக்கு மடிப்பு கிடையாது. முன்பக்கத்தில் இல்லாதவருக்கு அங்கே பின்பக்கமும் இல்லை.

ஷிப்டு முடிந்து ஆம்பூரில் பேருந்துக்கு நிற்கும் பெண்கள் பலர் காதில் இயர்போன் மாட்டியிருக்கிறார்கள். நாள் முழுக்க அப்பர் தைத்த விரல்கள் திரையைத் தள்ளித் தள்ளிப் பாட்டுத் தேடுகின்றன. அந்தத் திரையில் ஒரு கச்சேரிப் பதிவைத் திறந்து, விவரம் என்ற இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். பாடியவர், இயற்றியவர், வெளியிட்ட கம்பெனி என்று வரிகள் வந்தன. மிருதங்கம் வாசித்தவர் பெயருக்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் இருந்தது. அது வெறுமையாக இருந்தது.