ஸ்ரீபெரும்புதூருக்குக் கடல் வந்த கதை

போன மாசம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபேக்டரி கட்டுற இடத்துக்குப் போயிருந்தேன். அங்க சைட் இன்ஜினியரா இருக்கிறவன் என் காலேஜ் ஃப்ரெண்ட். அஸ்திவாரத்துக்குத் தோண்டின குழியில, செம்மண்ணுக்குக் கீழ, வெளிறிப்போன கல் தகடு தகடா அடுக்கி இருந்துச்சு. கையில எடுத்தா உதிருது. "வேஸ்ட் மண்ணுடா, லாரி வந்து அள்ளிட்டுப் போயிடும்"னான்.

அந்த வகைக் கல்லுக்குப் பேர் ஷேல். இந்தப் பகுதியோட ஷேல் அடுக்குகளுக்குப் புவியியல்ல நம்ம ஊர்ப் பேரையே வச்சிருக்காங்க: ஸ்ரீபெரும்புதூர் உருவாக்கம்.

சுமார் 13 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்த கோண்டுவானா நிலம் பிளந்தது. பிளவோட ஓரத்துல நிலம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிப் பள்ளமாச்சு. மேட்டுல இருந்து ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து அதுல கொட்டின. ஆத்து வேகம் குறையக் குறைய முதல்ல கூழாங்கல் தங்கும், அப்புறம் மணல், கடைசியாத்தான் சேறு. அமைதியான தண்ணியில படிஞ்ச அந்தச் சேறுதான் மேல விழுந்த பாரத்துல இறுகி ஷேல் ஆச்சு.

சரி, கடல்னு எப்படித் தெரியும்? இதே அடுக்குகள்ல டைலோஃபில்லம்ங்கிற, பார்க்க ஈந்துப் பனை ஓலை மாதிரி இருக்கிற இலைகளோட அச்சும் கிடைச்சிருக்கு, கடல்ல மட்டுமே வாழ்ந்த அம்மோனைட்டோட ஓடும் கிடைச்சிருக்கு. அதாவது கரை ரொம்பப் பக்கத்துல. இன்னைக்குக் கடல் இங்கிருந்து கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கு.

இதுக்கு அடியில இருக்கிற பழைய பாறைகளுக்கு வயசு 250 கோடி வருஷம் அளவுல. நடுவுல ஏறக்குறைய எதுவுமே இல்ல. யாரோ கமிட் ஹிஸ்டரியை அழிச்சிட்டுப் போன மாதிரி!

ராபர்ட் புரூஸ் ஃபூட்டைத் தெரிஞ்சிருக்கும். 1863 மே 30-ல பல்லாவரத்துல கற்கோடரி எடுத்தவர். ஆனா அவர் சம்பளம் வாங்கினது கோடரிக்காக இல்ல. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காகப் பாறைகளை வரைபடமாக்க. பாலாத்துக்கு வடக்கே இருக்கிற இந்த அடுக்குகளைப் பத்தின அவரோட அறிக்கை 1873-ல வந்துச்சு. இலை அச்சுகளை 1879-ல ஃபீஸ்ட்மான்டல் விவரிச்சார்.

ரெண்டு கதையும் ஒரு இடத்துல சேருது. அத்திரம்பாக்கத்துல 15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி கோடரி செஞ்சவங்களுக்கான குவார்ட்சைட் கல், அந்தப் பழைய ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்த கூழாங்கல் அடுக்குகள்ல இருந்துதான் கிடைச்சுச்சு.

இது சமவெளி. மலைச்சரிவு மாதிரி அடுக்குகள் தானா வெளிய தெரியாது. கிணறு, ஏரி மதகு, அஸ்திவாரக் குழின்னு மனுஷன் தோண்டுற இடத்துலதான் பார்க்கலாம். அப்படிப் பார்த்தா ஃபேக்டரிதான் அதைத் திறக்குது, ஃபேக்டரியேதான் மூடுது. நடுவுல சில வாரம் கிடைக்குது. அந்தச் சில வாரத்துல ஒரு புவியியல் மாணவரை உள்ள விட எந்த செக்யூரிட்டி கேட்லயும் வழி கிடையாது.

நான் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கத்தியால ஏடு ஏடா பிரிச்சேன். இலையெல்லாம் இல்ல, வெறும் சேறு. அப்பதான் ஃப்ரெண்டோட மெசேஜ் வந்துச்சு: "திங்கட்கிழமை கான்கிரீட் போடுறாங்க. வேணும்னா ஞாயித்துக்கிழமை காலையில வா."