திருத்தணிச் சாலையின் சுமைவண்டிகள்: பெட்ரோலும் டீசலும்

திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையே இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த மணவூர், திருவாலங்காடு முதலிய ஊர்களும், அவற்றுக்கு வடக்கே சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் உள்ள திருத்தணியும், ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள நகரியும் சேர்ந்த நிலப்பகுதி, தன் கரும்பையும் வேர்க்கடலையையும் காய்கறியையும் பூவையும், அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை போன்ற நெசவூர்களின் துணிப்பொதிகளையும் வெளியூர்ச் சந்தைகளுக்கு அனுப்பி வாழ்ந்து வருவதாகும். இப்பகுதியில் ஒன்று அல்லது இரண்டு டன் பாரம் ஏற்றும் வண்டியொன்றை வாங்க முனைபவர் எதிர்கொள்ளும் முதற்கேள்வி, பெட்ரோலா டீசலா என்பது. அதற்கான விடை கடந்த நூறாண்டுக் காலத்தில் பலமுறை மாறியிருக்கிறது; அம்மாற்றங்களைப் பின்தொடர்ந்து பார்த்தால், இயந்திரத்தின் தரத்தைக் காட்டிலும் எரிபொருளின் கிடைப்பும், அரசு விதித்த வரியும், அருகிலிருந்த பட்டறைக்காரரின் கைப்பழக்கமுமே விடையைத் தீர்மானித்தன என்பது புலப்படும்.

மோட்டார் வண்டி வருமுன் இங்கே பாரம் சுமந்தது மாட்டுவண்டி. பண்டைத் தொண்டை மண்டலத்தின் கோட்டங்கள் என்னும் இருபத்து நான்கு ஆட்சிப்பிரிவுகளுள் ஒன்றான மணவில் கோட்டத்தின் பெயர் மணவூரைச் சுட்டுவது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பழையனூரையும் திருவாலங்காட்டையும் இணைத்த வண்டித்தடங்களுக்கும் அந்த அளவு வயது இருக்கலாம். தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டபோது, அது இவ்வூர்களின் வழியாகவே சென்றது. ரயில் வந்ததும் வண்டிக்காரரின் பிழைப்பு போயிற்று என்று எண்ணுவது தவறு. நெடுந்தூரச் சுமையை ரயில் எடுத்துக்கொள்ள, களத்துமேட்டிலிருந்து நிலையம் வரையிலான குறுந்தூரச் சுமை முழுவதும் மாட்டுவண்டிக்கே வந்து சேர்ந்தது. இன்றைய சிறு சரக்குவண்டி செய்யும் வேலையும் பெரும்பாலும் அந்தக் குறுந்தூர வேலைதான்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை மாகாணச் சாலைகளுக்கு வந்த லாரிகள் ஏறத்தாழ அனைத்தும் பெட்ரோலில் ஓடியவை. பெட்ரோல் இயந்திரத்தில், கார்புரேட்டர் என்னும் கலவைக்கலம் எரிபொருளைக் காற்றோடு கலந்து அனுப்ப, பிளக்கிலிருந்து தெறிக்கும் மின்பொறி அக்கலவையைப் பற்றவைக்கிறது. எடை குறைவு, விலை குறைவு, கைப்பிடியைச் சுழற்றினால் எளிதில் உயிர்பெறும் இயல்பு ஆகியவை இதன் சிறப்புகள். மழையில் பிளக் நனைவதும், பாயின்ட் தேய்ந்து பொறி தவறுவதும், ஓட்டுநர்கள் 'மிஸ்ஸிங்' என்று குறிப்பிடும் விட்டுவிட்டு இயங்கும் கோளாறும் இதன் குறைகள். ஆயினும் அக்காலத்தில் இவ்வியந்திரத்தின் நம்பகத்தைக் குலைத்தது இயந்திரக் கோளாறன்று, போர். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததும், மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலம் ஒன்றை வடிவமைத்து உற்பத்தி செய்தது. உருளை வடிவக் கலத்தில் மரக்கரியைக் குறைந்த காற்றில் கனலவிட்டு, அதிலிருந்து கிளம்பும் வாயுவை வடிகட்டி, அதே பெட்ரோல் இயந்திரத்துக்குள் செலுத்துவது அதன் முறை. புறப்படுவதற்கு நெடுநேரம் முன்பே அடுப்பு மூட்டவேண்டும். வேகமும் இழுவையும் வெகுவாகக் குறையும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளவேண்டியிருக்கும். இருந்தும், நிற்கின்ற வண்டியைவிட ஊர்கின்ற வண்டி மேல் என்பதால் அது போர்க்காலம் முழுவதும் தாக்குப்பிடித்தது.

டீசல் இயந்திரத்துக்கு மின்பொறி தேவையில்லை. உருளைக்குள் இழுத்த காற்றைத் தன் கனஅளவில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் கீழாக நெருக்கினால் அக்காற்றே கொதிப்பேறிவிடும். அந்நேரம் நாசில் என்னும் நுண்துளை முனை வழியாக எரிபொருளைப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இவ்வியந்திரத்தின் சிறு வடிவமொன்று 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெயில் ஓடியது என்பது, கடலை விளையும் நாட்டாருக்குச் சுவையான செய்தி. மிகுந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் இதன் வார்ப்பு கனமானது, விலையும் கூடுதல். ஆனால் குறைந்த சுழற்சியிலேயே மிகுந்த இழுவை தருவதும், ஒரு லிட்டரில் கூடுதல் தொலைவு ஓடுவதும் பாரவண்டிக்கு ஏற்ற பண்புகள். ஜெர்மனியில் 1923, 1924 ஆண்டுகளில் பென்ஸ், மான் நிறுவனங்களின் லாரிகளில் ஏறிய டீசல், இந்தியச் சாலைகளில் பரவலானது விடுதலைக்குப் பின்புதான். போர் முடிந்து ராணுவம் ஏலத்தில் விட்ட 'டிஸ்போசல்' லாரிகளின் பெட்ரோல் இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அவ்விடத்தில் பெர்கின்ஸ் பி6 என்னும் ஆறு உருளை டீசல் இயந்திரத்தைப் பூட்டுவது 1950களில் பெரு வழக்காயிற்று. சென்னையின் சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் இயந்திரங்களை இங்கேயே செய்யத் தொடங்கியது. 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா–மெர்சிடீஸ் பென்ஸ் லாரியும், அதையடுத்து எண்ணூரில் அசோக் லேலண்டு லாரியும் வெளிவந்த பிறகு, பெரிய லாரி என்றாலே டீசல் என்றாகிவிட்டது.

புதிய இயந்திரத்தோடு புதிய தொழிலும் வந்தது. எரிபொருளை அளந்து பீய்ச்சும் பம்பையும் நாசிலையும் பெங்களூரின் மைக்கோ நிறுவனம் உள்நாட்டிலேயே செய்யத் தொடங்க, ஊர்தோறும் 'பம்பு நாசில்' பட்டறைகள் தோன்றின. பெட்ரோல் தீர்ந்து நின்ற வண்டிக்கு ஒரு கேன் பெட்ரோல் ஊற்றினால் போதும். பழைய டீசல் வண்டியோ, தொட்டி வறண்டால் குழாய்க்குள் காற்றை இழுத்துக்கொண்டுவிடும். ஓட்டுநர்கள் 'ஏர் பிடித்துக்கொண்டது' என்று சொல்லும் இந்நிலையில், வடிகட்டியின் மேலுள்ள திருகைச் சற்றே தளர்த்தி, கைப்பம்பைக் கட்டைவிரலால் அமுக்கியபடி, திருகின் இடுக்கில் நுரைத்து வரும் டீசலில் குமிழி அடங்கும்வரை காத்திருந்து, பின் அமுக்கிய விரலை எடுக்காமலேயே திருகை இறுக்கவேண்டும். லாரிக் கிளீனர்கள் முதலில் கற்ற பாடங்களுள் இதுவும் ஒன்று. கையில் ஒரு ஸ்பேனர் இருந்தால் போதும், நடுச்சாலையிலேயே சரிசெய்துவிடலாம் என்னும் இந்த உறுதிதான், டீசல் இயந்திரம் நெடுங்காலம் பெற்றிருந்த நற்பெயரின் அடித்தளம்.

சிறு வண்டிகள் இம்மாற்றத்துக்குப் பின்தங்கியே வந்தன. பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையின் ஸ்டாண்டர்டு 20 வேனும், பின்னால் டிரெய்லரைக் கோத்துக்கொண்டு ஓடிய ஜீப்பும் சில காலம் சிறு சரக்குவண்டியின் இடத்தை நிரப்பின. 1969இல் வந்த பஜாஜ் டெம்போ மெட்டடார், பிற்காலத்தில் மெர்சிடீஸ் உரிமத்தில் செய்த டீசல் இயந்திரத்தோடு, காய்கறி மூட்டைகளையும் கல்யாண கோஷ்டிகளையும் ஒரே நாளில் மாறிமாறி ஏற்றியது. 1980களில் ஜப்பானியக் கூட்டோடு சுவராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி, டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான் ஆகிய நான்கும், அவற்றுக்குப் போட்டியாக 1986இல் டாட்டா 407உம் டீசலிலேயே இறங்கியபின் பெட்ரோல் சரக்குவண்டி பெரும்பாலும் மறைந்தது. 1988இல் வெளிவந்த டாட்டாமொபைல், நாட்டின் தொடக்ககாலப் பிக்கப்புகளுள் ஒன்று. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் திறந்த பாரத்தட்டு கொண்ட அதுவும் டீசலே.

இந்த முற்றுரிமையை இயந்திரச் சிறப்பு மட்டும் ஈட்டித் தரவில்லை. டீசல் உழவருக்கும் பேருந்துக்கும் உரியது, பெட்ரோல் வசதிபடைத்தோரின் காருக்கு உரியது என்ற கொள்கையால் அரசு பல்லாண்டு டீசல் விலையைத் தாழ்த்தியே வைத்திருந்தது. 2012 மே மாதத்தில் டில்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் ஏறத்தாழ 41 ரூபாய். கடன் கொடுப்போரும் இக்கணக்கை அறிந்திருந்தனர். 1954இல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸும், 1979இல் தோன்றிப் பழைய லாரிகளுக்குக் கடன் தந்து வளர்ந்த ஸ்ரீராம் நிறுவனமும் சென்னையில் வேர்கொண்டவை. தவணை தவறினால் வண்டியைப் பிடித்து விற்கவேண்டிய நிலையிலுள்ள எந்தக் கடன் கொடுப்பவரும் மறுவிற்பனையில் எளிதில் போகும் வண்டியையே விரும்புவார் என்பதால், பெட்ரோல் சரக்குவண்டி வாங்க நினைத்தவருக்கும் டீசலே தோதாகப்பட்டது.

2005 மே மாதம் டாட்டா ஏஸ் வெளிவந்தது. இண்டிகா காரின் நான்கு உருளை இயந்திரத்தைப் பாதியாக்கியது போன்ற 702 சி.சி. இரட்டை உருளை டீசல், 16 குதிரைத்திறன், முக்கால் டன் பாரம், தொடக்க விலை 2.25 லட்சம் ரூபாய். தமிழ்நாடு அதற்குக் 'குட்டி யானை' என்று பெயரிட்டது. இன்று வேறு நிறுவனத்தின் வண்டியையும் மக்கள் அப்பெயராலேயே அழைக்கின்றனர். இதன் பரவலுக்குச் சட்டமும் துணைநின்றது: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, பாரத்தோடு சேர்த்து 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்குவண்டிக்குப் பெர்மிட் வேண்டாம் என்கிறது. 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வண்டியை இலகு வாகன உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்ற 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. 2011இல் ஓசூரிலிருந்து வந்த அசோக் லேலண்டு தோஸ்த், ஒன்றேகால் டன் ஏற்றும் மூன்று உருளை டீசலோடு இதே சந்தையின் மேல்தட்டைப் பிடித்தது.

டீசலின் பிடி தளர்ந்தது இரு காரணங்களால். 2010இல் பெட்ரோலும் 2014 அக்டோபரில் டீசலும் விலைக்கட்டுப்பாட்டிலிருந்து விடுபட, இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்து, 2020 ஜூனில் டில்லியில் டீசல் பெட்ரோலையே விஞ்சியது. அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்னும் புகைக்கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அவ்விதியைப் பின்பற்ற டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் துகள் வடிகட்டி பொருத்தவேண்டியதாயிற்று. அதில் படியும் கரியை, வண்டி இடைவிடாது சற்று வேகமாக ஓடும்போது உண்டாகும் கடுஞ்சூட்டில் எரித்துப் போக்கவேண்டும். தெருத்தெருவாக நின்றுநின்று ஓடும் வண்டியில் அந்தச் சூடு ஏறாமல் வடிகட்டி அடைபடும், எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறையும், பிறகு கணினி பொருத்திப் பார்க்கும் நிறுவனப் பட்டறைக்குத்தான் போயாகவேண்டும். ஸ்பேனரும் கட்டைவிரலும் கொண்டு ஈட்டிய பழைய நற்பெயர் இங்கே செல்லாது. 2016இல் டீசலோடு வந்த மாருதியின் சூப்பர் கேரி, பி.எஸ். 6 வந்ததும் டீசலைக் கைவிட்டு பெட்ரோலுக்கும் இயற்கை எரிவாயுவுக்கும் மாறிற்று. டாட்டா ஏஸிலும் பெட்ரோல் வகை வந்தது.

இன்று வாங்குபவர் போடவேண்டிய கணக்கு ஓடும் தொலைவைச் சார்ந்தது. 2024, 2025 ஆண்டுகளில் சென்னையில் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டியும் டீசல் 92 ரூபாயை ஒட்டியும் இருந்தன. டீசல் வண்டி லிட்டருக்கு 20 கிலோமீட்டரும் பெட்ரோல் வண்டி 16 கிலோமீட்டரும் தருவதாகவும், டீசல் வண்டியின் விலை 80,000 ரூபாய் கூடுதல் என்றும் வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு மிச்சமாவது 1 ரூபாய் 70 காசு. போட்ட கூடுதல் முதலை மீட்க ஏறத்தாழ 47,000 கிலோமீட்டர் ஓடவேண்டும். மணவூரிலிருந்து திருவள்ளூர்ச் சந்தைக்குப் போய்வருவது போன்று நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு, ஓடாத நாள்களைக் கழித்தால், இது ஏறத்தாழ நான்கு ஆண்டு வேலை. இரவில் கோயம்பேட்டுக்கும் பகலில் திருப்பதிப் பக்கமும் ஓடி 150 கிலோமீட்டர் சேர்க்கும் வண்டிக்கு ஓராண்டுக்குச் சற்று மேல். முன்னதற்கு பெட்ரோலும் பின்னதற்கு டீசலும் பொருந்தும் என்பதில் ஐயத்துக்கு அதிக இடமில்லை. முழுப் பாரத்தோடு மேடேறும் வேலை நாள்தோறும் இருந்தால் மட்டும் குறைந்த தொலைவுக்கும் டீசலைக் கருதலாம்.

மாநில வரி இக்கணக்கில் ஒரு கோணலைச் சேர்க்கிறது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் விளைவாகத் திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தபோது யாரும் எரிபொருளை நினைத்திருக்கமாட்டார்கள். ஆனால் ஆந்திரத்தின் வரி கூடுதலாக இருப்பதால், எல்லைக்கு இப்பால் தொட்டியை நிரப்புவதே நகரி, புத்தூர் வண்டிகளுக்கு ஆதாயம். இன்னொரு கோணல், பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பது. பழைய அளவீட்டில் செய்த நான்கு சக்கர வண்டிகளில் இதனால் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு குறையலாம் என்று நிதி ஆயோக் 2021இல் மதிப்பிட்டது. எத்தனாலுக்கேற்ப அமைத்த புதிய வண்டியில் இக்குறைவு சிறிது. பழைய பெட்ரோல் வண்டியை இரண்டாம் கையாக வாங்குபவரோ 16 கிலோமீட்டரை 15 என்று திருத்திக் கணக்கிடவேண்டும். அப்போது கிலோமீட்டருக்கான வேறுபாடு 2 ரூபாயைத் தாண்டிவிடுகிறது.