தொலைபேசி உரையாடலும் ஒலிப்பதிவும் : ஒரு வரலாற்று நோக்கு

கடிதம் கையில் எஞ்சும். தொலைபேசியிற் பேசியதோ பேசி முடிந்ததும் மறைந்துவிடும். 1876ஆம் ஆண்டு அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு ஆக்கவுரிமை பெற்ற காலந்தொட்டே இக்குறை உணரப்பட்டது. அதனை நீக்க எழுந்த முயற்சிகள் பல. ஆயினும், பேச்சைப் பதியும் ஆற்றல் பெருகிய கதையினும், பதியப்படுவதை மறுமுனையில் இருப்பவர் அறிய வேண்டுமா என்னும் வினாவின் கதையே ஆராயத்தக்கதாகும்.

1877இல் ஒலிப்பதிவுப் பொறியை ஆக்கிய எடிசன், அதனைத் தொலைபேசியுடன் இணைத்து உரையாடல்களுக்கு நிலையான சான்று பெறலாமென மறு ஆண்டிலேயே எழுதினார். எனினும் இதில் திருப்பத்தை ஏற்படுத்தியவர் டென்மார்க்கைச் சேர்ந்த வல்டமர் பௌல்சன் ஆவார். கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியிற் பணியாற்றிய அவர், பேச்சின் மின்னலைகளை உருக்குக் கம்பியிற் காந்தப் பதிவாக்கும் 'ரெலிகிராபோன்' என்னும் கருவிக்கு 1898இல் ஆக்கவுரிமை பெற்றார். பிற்காலத்து ஒலிநாடாவுக்கு மூலமான காந்தப் பதிவு இவ்வாறு தொலைபேசியின் தேவையிலிருந்தே பிறந்தது.

ஆனால் அத்தொழில்நுட்பத்தைத் தொலைபேசி உலகம் உவந்து ஏற்கவில்லை. 1930களில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கிளாரன்ஸ் ஹிக்மன் என்பார் அழைப்புகளைப் பதியும் கருவியொன்றை அமைத்தார். நிருவாகம் அதனை வெளியிடவில்லை. தம் பேச்சுப் பதியப்படலாமென்று அறிந்தால் மக்கள் தொலைபேசியை வெறுத்தொதுக்குவர் என்னும் அச்சமே அதற்குக் காரணமென வரலாற்றாசிரியர் மார்க் கிளார்க் எடுத்துக்காட்டியுள்ளார். வணிக நோக்கில் எழுந்ததாயினும், உரையாடலின் அடித்தளம் நம்பிக்கையே என்னும் உண்மை அவ்வச்சத்துள் அடங்கியிருந்தது.

இவ்வுண்மைக்கு அரசு வடிவம் கொடுத்தது 1947இல். மாநிலங்களுக்கிடையிலான அழைப்புகளைப் பதிவோர் குறித்த இடைவெளிகளில் எச்சரிக்கை ஒலி கேட்கச் செய்தல் வேண்டுமென ஐக்கிய அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு விதித்தது. பின்னர் சட்டம் இரு வழிப்பட்டது. 1967இல் கலிபோர்னியா இயற்றிய சட்டம் அந்தரங்க உரையாடலைப் பதிய அனைவரது இசைவையும் வேண்டி நின்றது. 1968இன் கூட்டாட்சிச் சட்டமோ உரையாடுவோருள் ஒருவரின் இசைவே போதுமென்றது. இம்முரண்பாடு இன்னும் தீரவில்லை. மறைவிற் பதிந்தவை பதிந்தவரையே வீழ்த்தியமைக்கு 1974இல் நிக்சன் பதவி துறந்தமை பெருஞ்சான்றாகும்.

இதற்கிடையே பதிவுக் கருவி இல்லங்களிலும் புகுந்தது. இறப்பர் உறிஞ்சியுடன் கூடிய சிறு கம்பிச்சுருளைத் தொலைபேசியில் ஒட்டி, அதன் காந்தப்புலத்தைக் கவர்ந்து ஒலிநாடாவிற் பதிவது வழக்கமாயிற்று. 1963இல் வந்த கசெற் நாடா இதனை எளிதாக்கிற்று. அடுத்து வந்த கணினியிலும் திறன்பேசியிலும் பேச்சே எண்களாக மாறிச் செல்வதால், அவ்வெண்களைச் சேமித்தலே பதிவாகிவிட்டது. முன்னாளிற் பதிவதற்குத் தனிமுயற்சி வேண்டியிருந்தது. இந்நாளிற் பதியாது தடுப்பதற்கே தனிமுயற்சி வேண்டியுள்ளது.

அத்தகைய தடைகளும் தோன்றியுள்ளன. 2022இல் கூகிள் நிறுவனம், அணுகல் வசதிக்கான வழியைப் பயன்படுத்தி அழைப்புகளைப் பதியும் செயலிகளுக்குத் தன் செயலிக் கடையில் தடை விதித்தது. 2024இல் அப்பிள் நிறுவனம் பதிவு வசதியை வழங்கியபோது, பதிவு தொடங்குவதை இருமுனையினரும் கேட்கும் அறிவிப்பையும் உடன் சேர்த்தது. 1947இன் எச்சரிக்கை ஒலி வேறுருவில் மீண்டும் ஒலித்ததென்றே இதனைக் கருதலாம்.

மிரட்டலுக்கு உள்ளாகும் இல்லத்தவருக்குப் பதிவு காவலாகும். நம்பிப் பேசிய உறவினருக்கு அதுவே துரோகமாகும். எளியோர் கையிலுள்ள சான்றைப் பறிக்காமலும் நம்பிக்கையைக் குலைக்காமலும் ஒழுகும் நெறியைக் கருவிகள் தாமே வகுத்துத் தரமாட்டா. அதனை வகுத்தல் மனிதரின் பொறுப்பாகும்.