பள்ளிப் பகலுணவு: ஆயிரம் விளக்கு முதல் காஞ்சி வரை

நம் பிள்ளைகளின் பகலுணவைப் பற்றிப் பேசும்போது, அது ஹலாலா என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம். அல்குர்ஆன் (2:168) ஹலாலுடன் தய்யிபையும், அதாவது தூயதும் நல்லதுமானதையும், சேர்த்தே கூறுகிறது. இந்த இரண்டாவது சொல்லுக்குப் பள்ளிகளின் வரலாற்றில் இடமுண்டு.

1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளி மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. மாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. அப்போது தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். வறுமையே மாணவர் தொகையைக் குறைக்கிறது என்பது அவர் வாதம். (அப்பகுதிக்குப் பெயர் தந்தது அங்குள்ள பள்ளிவாசல் என்பதை நம்மவர் அறிவர்.) பின்னர் மேலும் நான்கு பள்ளிகள் சேர்ந்தன. 1922-23இல் அவ்வைந்திலும் 811ஆக இருந்த மாணவர் தொகை, 1924-25இல் 1,671 ஆயிற்று. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிட ஆங்கில அரசு இசையவில்லை. 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது.

காஞ்சிபுரத்தில் இவ்வரலாற்றுக்குத் தனிப்பொருள் உண்டு. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இணையும் கோர்வைப் பட்டுச் சேலையை ஒருவர் தனியே நெய்தல் அரிது. மறுகரையின் நாடாவை எறிய இன்னொருவர் தறியருகே அமர வேண்டும். நெடுங்காலம் அவ்விடத்தில் அமர்ந்தது பெரும்பாலும் சிறு பிள்ளையே. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் கூலியும் போகும், பகல் சோற்றுக்கும் வழி தேட வேண்டும் என்ற நிலையில் ஏழைத் தந்தை என்ன செய்வார்? 1956இல் காமராசர் ஆட்சி தொடங்கிய மதிய உணவும், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் அந்தக் கணக்கில் பாதியைத் தீர்த்தன. உணவு ஒன்றே பிள்ளைகளைத் தறியிலிருந்து மீட்டது என்று சொல்ல மாட்டோம். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்திற்கும் பங்குண்டு.

1989இல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை என வந்தது, பின்னாளில் பள்ளி நாள்தோறும் ஒன்று என்றாயிற்று. 2022 செப்டம்பர் 15 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது.

இவ்வளவுக்குப் பின்னும், சத்துணவு ஏழைகளின் தட்டு என்று எண்ணித் தம் பிள்ளையின் கையில் காசு கொடுத்தனுப்பும் பெற்றோர் நம்மிடையே உள்ளனர். அக்காசு கடை வாசலில் தொங்கும் பொட்டலமாகிறது. சோறும் பருப்பும் கீரையும் முட்டையும் இருக்கும் தட்டில் குறை காண்பது நமக்குச் சரியாகத் தோன்றவில்லை.

வீட்டிலிருந்தே கட்டிக் கொடுப்போரும் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டறிதல் நலம். நபி (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்களின் கை உணவுத் தட்டெங்கும் அலைந்தது. நபியவர்கள் அவரைக் கடிந்து விரட்டவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தமக்கு அருகிலிருப்பதை உண்ணக் கற்பித்தார்கள். உடன் அமர்ந்து உண்டதால்தான் அது இயன்றது. பாதி மிஞ்சித் திரும்பும் டப்பாவைக் கண்டு அடிப்பதைவிட, எதை விட்டான், ஏன் விட்டான் என்று கேட்கலாம். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து வேகவைக்கும் நம்மூர் இட்லி பகல் வரை கெடாது. அதனுடன் ஒரு வாழைப்பழம் வைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் மிச்சம் வைப்பதில்லை.