ஆகாயத்தில் கட்டுச்சோறு

பிரயாணம் புறப்படுகிறவன் கையில் ஒரு சோற்று மூட்டை இருப்பது, மாட்டுவண்டிக் காலத்திலும் ரயில் காலத்திலும் யாரும் விசாரிக்காத சங்கதியாகவே இருந்து வந்தது. அந்த மூட்டை விமானத்தில் ஏறிய பிறகுதான் அதற்கென்று ஒரு சட்டமும், அந்தச் சட்டத்துக்கென்று ஒரு சரித்திரமும் உண்டாயின. அந்தச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் விசித்திரமான ஓர் உண்மை புலப்படும்: விமான விதிகளை இயற்றியவர்கள் பிரயாணியின் ஆகாரத்தை ஆகாரமாகப் பார்த்தது மிக அபூர்வம், ஒரு காலத்தில் வியாபாரப் போட்டியாகவும், பிறிதொரு காலத்தில் குடிவெறியாகவும், பின்னர் வெடிமருந்தாகவுமே அது அவர்கள் கண்ணுக்குத் தென்பட்டிருக்கிறது.

முதல் உலக யுத்தத்தில் குண்டு போடுவதற்கென்று கட்டிய விமானங்களில் ஆசனங்களைப் பொருத்தி, லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே பிரயாணிகளை ஏற்றிச் சென்ற ஹாண்ட்லி பேஜ் கம்பெனி, 1919-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி, சாண்ட்விச்சும் பழமும் வைத்த பெட்டி ஒன்றை மூன்று ஷில்லிங் விலைக்கு விற்கத் தொடங்கியது. ஆகாயத்தில் நடந்த முதல் சாப்பாட்டு வியாபாரம் அதுவே என்பார்கள். நாளடைவில் சாப்பாட்டின் விலை டிக்கெட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது. 1936-இல் அமெரிக்காவின் யுனைடெட் கம்பெனி ஓக்லண்ட் நகரில் விமானங்களுக்கென்றே ஒரு சமையற்கூடத்தைத் திறந்து, சுடச்சுடச் சமைத்ததை ஏற்றி அனுப்பத் தலைப்பட்டது. விருந்துக்கு அழைக்கப்பட்டவன் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போவதில்லை அல்லவா? அதுபோலப் பிரயாணியின் மூட்டை, எவரும் தடுக்காமலே, தானாக மறைந்தது.

ஆனால் அந்த விருந்துக்கும் ஒருநாள் விலங்கு பூட்டினார்கள். 1945-இல் ஹவானாவில் கூடி அமைந்த சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே கட்டணத்தை வகுத்து வந்தமையால், ஒருவரை ஒருவர் விஞ்சுவதற்குச் சாப்பாட்டுத் தட்டைப் போல் வாய்ப்பான இடம் வேறில்லை என்ற நிலை ஏற்பட்டது. 1958-இல் அட்லாண்டிக் மார்க்கத்தில் மலிவான ‘எகானமி’ வகுப்பு புகுத்தப்பட்டபோது, அந்த வகுப்பினருக்கு எளிமையான, ஆறிய, செலவு குறைந்த சாண்ட்விச் மாத்திரமே கொடுக்கலாம் என்று நிபந்தனை விதித்தார்கள். ஸ்காண்டிநேவியக் கம்பெனியோ, தங்கள் தேசத்து வழக்கப்படி, ஒரே ஒரு ரொட்டித் துண்டைக் கீழே வைத்து, அதன் மேல் மீனும் மாமிசமும் காய்கறியுமாகக் கோபுரம் கட்டி, இதுவும் சாண்ட்விச் தானே என்று பரிமாறியது. பான் அமெரிக்கன் கம்பெனி முறையிட்டது. ரொட்டி எங்கே முடிகிறது, விருந்து எங்கே தொடங்குகிறது என்று பெரிய மனிதர்கள் கூடி வியாக்கியானம் செய்தார்கள். முடிவில் ஸ்காண்டிநேவியர்களுக்கு 20,000 டாலர் அபராதம் விழுந்தது.

அடுத்தாற்போல் விதியின் பார்வை புட்டியின் மேல் திரும்பியது. விமானச் சிப்பந்தி ஊற்றிக் கொடுக்கும் மதுவைத் தவிர வேறு மதுவைப் பிரயாணி விமானத்துக்குள் அருந்தலாகாது என்று அமெரிக்கா 1960-இல் விதித்தது. கொண்டுவந்த புட்டி உடன் வரலாம், ஆனால் அதன் மூடி திறக்கலாகாது. யார் எவ்வளவு குடித்தான் என்ற கணக்கு, ஊற்றுகிற கையில் இருக்க வேண்டும் என்பதே இதன் தாத்பர்யம்.

1978-இல் அமெரிக்காவில் கட்டணக் கட்டுப்பாடு சட்டப்படி நீங்கியதும், கம்பெனிகள் விலையைக் குறைப்பதில் போட்டியிட்டன, தட்டு சுருங்கிற்று. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதிபர் ராபர்ட் கிராண்டல், ஸாலட் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஆலிவ் காயை எடுத்துவிட்டு வருஷத்துக்கு 40,000 டாலர் மிச்சம் பிடித்தார் என்பது அக்காலத்தில் பிரசித்தம். 2001-க்குப் பிறகு பல கம்பெனிகள் இலவசச் சாப்பாட்டையே கைவிட்டன. வீட்டு மூட்டைக்கு மறுபடியும் அவசியம் நேர்ந்தது.

மூட்டை திரும்பி வந்த வேளையிலேயே சந்தேகமும் வந்து சேர்ந்தது. குளிர்பானப் புட்டிகளில் திரவ வெடிமருந்தை மறைத்து விமானங்களைத் தகர்க்கச் செய்த சதி, 2006 ஆகஸ்ட் 10-ஆம் தேதி லண்டனில் அம்பலமாயிற்று. அன்று பிரிட்டிஷ் விமான நிலையங்களில் கடவுச்சீட்டு, பணப்பை போன்ற இன்றியமையாத சில பொருள்களை மாத்திரமே, அவற்றையும் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையில் போட்டு, கொண்டுபோக விட்டார்கள். பச்சிளங்குழந்தைக்குரிய பாலுக்கு விலக்கு உண்டு. ஆனால் தாயோ உடன் வருபவரோ அதிகாரியின் எதிரில் அந்தப் பாலை ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஆகாரத்தை ஆகாரமென்று விதி ஒப்புக்கொண்ட ஓரிடத்திலும் அதற்குச் சாட்சி கேட்டது! சில மாதங்களில் 100 மில்லி என்ற வரம்பு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிலைபெற்று, மற்ற நாடுகளுக்கும் பரவிற்று. அந்த அளவு பாத்திரத்தைச் சேர்ந்ததே ஒழியப் பண்டத்தைச் சேர்ந்ததன்று. அந்த வரம்பு செல்லுபடியாகும் விமான நிலையங்களில், 200 மில்லி பிடிக்கும் புட்டியின் அடியில் இரண்டு வாய் மோர் மிஞ்சியிருந்தாலும் அதற்கு அனுமதி இல்லை. இட்டிலியும் பொடியும் தடையின்றிப் போகும். சட்னி வாசலிலேயே நின்றுவிடும்.

நம் தேசத்தில் தேங்காய்க்கும் இத்தகைய ஒரு கதை உண்டு. எண்ணெய்ச் சத்து மிகுந்து எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதனால் அதை விமானத்துக்குள் கைப்பையில் கொண்டுபோகத் தடை இருந்தது. சபரிமலைக்குப் போகும் பக்தர்களோ, தேங்காயின் கண்ணைத் திறந்து, நீரை வடித்து, நெய்யை நிரப்பி அடைத்து, இருமுடிக்குள் வைத்துத் தலையில் சுமப்பவர்கள். அதைச் சரக்கோடு சரக்காகப் போட அவர்கள் மனம் துணியுமா? 2022 நவம்பரில், எக்ஸ்ரே, வெடிமருந்துச் சோதனை, கைச்சோதனை என்ற மூன்றையும் கடந்தால் அந்த யாத்திரைக் காலத்துக்கு மாத்திரம் இருமுடித் தேங்காயை உடன் கொண்டுபோகலாம் என்று விமானப் பாதுகாப்புத் துறை அனுமதித்தது. 2024-இலும் அச்சலுகை வழங்கப்பட்டது.

இருமுடியில் முன்முடி ஐயப்பனுக்கு, பின்முடி வழிநடக்கும் பக்தனின் சாப்பாட்டுக்கு என்பது பழைய முறை. விதி இரங்கியபோது முன்முடிக்கு இரங்கிற்று. பின்முடி இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது.