அலையாத்திக் காடு

அலையாத்திக் காடு என்பது, ஆறு கடலோடு கலக்கும் கழிமுகங்களிலும் உப்பங்கழி ஓரங்களிலும் உவர்நீர் வந்துபோகும் சேற்றில் வளரும் காடு. கண்டல் காடு, சுரபுன்னைக் காடு, சதுப்புநிலக் காடு என்றும் இதைச் சொல்வார்கள். உலகின் வெப்பமான கடற்கரைகளில் ஏறத்தாழ 1,50,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இக்காடுகள் இருக்கின்றன. அவற்றுள் மிகப் பெரியது இந்தியாவிலும் வங்கதேசத்திலும் பரந்து கிடக்கும் சுந்தரவனம். தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டப் பிச்சாவரமும் திருவாரூர் மாவட்ட முத்துப்பேட்டையும் பெயர் பெற்றவை.

பெயர்

அலையின் வேகத்தை ஆற்றும் காடு என்பதால் 'அலை ஆற்றி'. பேச்சு வழக்கில் அதுவே அலையாத்தி ஆனது. கண்டல் என்பது சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களிலேயே வரும் பழைய பெயர். இக்காட்டு மரங்களில் ஒன்றான தில்லைதான் சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்தது. நடராசர் கோயிலின் தல மரமும் அதுவே. தில்லையின் பால் தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. அதனால் அதன் கிளையை ஒடிக்கக் கூடாது.

வாழிடமும் சூழ்நிலை மண்டலமும்

ஓர் உயிருக்கு உணவும் நீரும் தங்க இடமும் கிடைக்கும் இடம் அதன் வாழிடம். நண்டுக்குச் சேற்று வளை, மீன்கொத்திக்குத் தண்ணீரின் மேல் நீண்ட கிளை. இந்த உயிர்கள் எல்லாம் தங்களுக்குள்ளும், சுற்றியுள்ள மண், நீர், உப்பு, வெயில், காற்று ஆகியவற்றோடும் பிணைந்து இயங்கும் முழு அமைப்பே சூழ்நிலை மண்டலம்.

பிச்சாவரம் வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளும் அவற்றுக்கு இடையே ஓடும் வாய்க்கால்களும் சேர்ந்ததுதான் இந்தக் காடு. ஆறுகள் நன்னீரும் வண்டலும் கொண்டுவருகின்றன. கடல்நீர் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. இங்கே நீர் மூன்று அடிக்கு மேல் ஏறுவது அரிது. ஆனாலும் காட்டின் உயிரோட்டம் இந்த ஏற்றத்திலும் வற்றத்திலும்தான் இருக்கிறது.

மரங்கள்

கழிமுகச் சேற்றைக் கிளறினால் கறுப்பாக இருக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்தச் சேற்றுக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவு. மற்ற மரங்களின் வேர்கள் அங்கே மூச்சுத் திணறி அழுகிப்போகும். வெண்கண்டல் மரமோ தன் வேர்களிலிருந்து பென்சில் நட்டுவைத்தது போல நூற்றுக்கணக்கான குச்சிகளை மேல்நோக்கி நீட்டுகிறது. இவை சுவாச வேர்கள். நீர் வற்றியதும் இவற்றின் நுண்துளைகள் வழியே காற்று உள்ளே போகும். சுரபுன்னை மரம் தண்டிலிருந்து வில்லாக வளைந்து இறங்கும் முட்டு வேர்களை ஊன்றி நிற்கிறது. அதனால் இளகிய சேற்றிலும் மரம் எளிதில் சாய்வதில்லை.

அடுத்த சிக்கல் உப்பு. சுரபுன்னை, உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிடும். வெண்கண்டல், உள்ளே வந்துவிடும் உப்பை இலை வழியாக வெளியேற்றும். வெயில் நேரத்தில் அதன் இலையைத் தடவினால் விரலில் உப்புத் துகள் ஒட்டும்.

விதை விழுந்தால் நீர் அடித்துக்கொண்டு போய்விடுமே? சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டுவிடுகிறது. பிறகு விழுந்து சேற்றில் குத்தி நிற்கும், அல்லது மிதந்து போய் ஒதுங்கிய கரையில் வேர் பிடிக்கும்.

விலங்குகள்

நீர் வற்றிய சேற்றில் முதலில் கண்ணில் படுவது சேற்றில் துள்ளும் உளுவை மீன். தலை உச்சியில் புடைத்த கண்கள் கொண்ட இது, முன்துடுப்புகளை ஊன்றி நகரும், துள்ளும், வேரின் மேலும் ஏறும். ஈரமான தோலாலும் வாயின் உட்புறத்தாலும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் கரையிலும் உயிர் வாழ்கிறது.

அருகிலேயே ஒற்றைக் கொடுக்கு மட்டும் மிகப் பெரிதாக இருக்கும் சிறு ஆண் நண்டுகள், பெண் நண்டுகளை அழைக்க அதை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும். இவை சேற்றை அள்ளி வாயில் வைத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களைத் தின்றுவிட்டு, மீதியைச் சிறு உருண்டைகளாகப் போடும். இவை தோண்டும் வளைகளால் சேற்றுக்குள் காற்று புகுகிறது. மரத்தின் வேருக்கும் அது உதவி.

வேர்களில் ஆளிகள் ஒட்டி வளர்கின்றன. கிளைகளில் கொக்கு, வக்கா, நீர்க்காகம், மீன்கொத்தி அமர்கின்றன. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வந்து சேர்கின்றன. நீர்நாயும் நரியும் உண்டு.

உணவு வலை

பழுத்த சுரபுன்னை இலை ஒன்று வாய்க்காலில் விழுகிறது. அதில் பூஞ்சையும் பாக்டீரியாவும் படர்கின்றன. ஊறிய இலையை நண்டு கடித்துத் துண்டாக்குகிறது. அந்தத் தூள் இறால் குஞ்சுக்கு உணவு. இறாலை மீனும், மீனைக் கொக்கும் நீர்நாயும் பிடிக்கின்றன. அவற்றின் எச்சமும் உடலும் மட்கி, மறுபடியும் சேற்றுக்கு உரமாகின்றன. வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடும். குஞ்சுகள் ஏற்றத்தோடு உள்ளே வந்து, பெரிய மீன்கள் நுழைய முடியாத வேர்களுக்கு நடுவே வளர்ந்து, கடலுக்குத் திரும்பும். கடலில் வலை வீசுபவருக்குக் கிடைக்கும் இறாலிலும் இந்தக் காட்டுக்குப் பங்கு உண்டு.

மக்கள்

பிச்சாவரத்து இருளர் மக்கள், ஆழமில்லாத நீரில் உட்கார்ந்து நகர்ந்தபடி, கையால் சேற்றைத் தடவியே இறாலும் நண்டும் பிடிப்பதில் தேர்ந்தவர்கள். பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். இரண்டு கைகளும் தேடுவதற்கு வேண்டுமே!

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, இக்காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. கடலிலிருந்து தள்ளி இருந்ததும் அவ்வூர்களுக்கு உதவியது.

அழிவும் மீட்பும்

பிச்சாவரத்தில் பல பத்தாண்டுகளாக மரங்களைப் பகுதி பகுதியாக அடியோடு வெட்டினார்கள். நிழலிழந்த சேறு வெயிலில் காய்ந்து, அமிழ்ந்து, தரை கிண்ணம் போலக் குழிந்தது. ஏறிவந்த கடல்நீர் வற்ற வழியின்றித் தேங்கி ஆவியாக, உப்பு மிஞ்சியது. கடல்நீரைத் தாங்கும் கன்றுகளால்கூட அந்த உப்பைத் தாங்க முடியவில்லை.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து காரணத்தைக் கண்டறிந்து செயல்பட்டது. நடுவில் பெரிய வாய்க்காலும் இருபுறமும் மீன்முள் போலச் சாய்ந்த கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். நீர் மறுபடி ஏறி வற்றத் தொடங்கியது, மண்ணின் உப்பு குறைந்தது. அதன் பிறகு நட்ட கன்றுகள் பிழைத்தன.

2022ஆம் ஆண்டு பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஆறுகளில் நன்னீர் குறைவதும் ஞெகிழிக் குப்பையும் இன்றும் இக்காட்டுக்குக் கேடுதான். வெட்டிய வாய்க்கால்களில் மண் படியும், தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். அவை அடைபட்டால் கிண்ணம் போலக் குழிந்த தரையில் மறுபடி உப்பு சேரும்.