சின்ன எஞ்சின், நெடுஞ்சாலை – 7: நூறு சிசி மரியான்னா

சென்ற வாரம் ஃபாபியோ தாலியோனியை டுகாட்டி ஆலையின் வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். 1954 மே 1. வயது முப்பத்துமூன்று. கையில் பொறியியல் பட்டம், மொண்டியால் கம்பெனியில் வேலை பார்த்த அனுபவம், தலை நிறைய வரைபடங்கள்.

உள்ளே நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. 1926-இல் ரேடியோ உதிரிபாகம் செய்யப் பிறந்த அந்தக் கம்பெனியின் ஆலை, பொலோனியாவின் புறநகரான போர்கோ பனிகாலேயில் இருந்தது. 1944 அக்டோபரில் நேசநாட்டு விமானங்கள் அதைத் தரைமட்டமாக்கின. போர் முடிந்ததும் சைக்கிளில் மாட்டி ஓட்டும் 48 சிசி குச்சோலோ எஞ்சின்தான் அதற்குச் சோறு போட்டது. நிர்வாகத் தலைவர் ஜியூசெப்பே மொந்தானோவுக்கு உடனடியாக ஒரு வெற்றி தேவைப்பட்டது. மோட்டோஜிரோவில் ஜெயிக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அவர் தாலியோனியிடம் சொல்லிவிட்டதாக ஒரு கதை உண்டு. கதையாகவே இருக்கட்டும். தாலியோனி வேலை பார்த்த வேகத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

அது என்ன மோட்டோஜிரோ? பொலோனியாவின் 'ஸ்டாடியோ' விளையாட்டு நாளிதழ் 1953-இல் தொடங்கிய பந்தயம். 175 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு இடமில்லை. மூடிய பந்தயத் தளம் கிடையாது. மலைப்பாதை, சந்தைத் தெரு, தேவாலய முற்றம் என்று நாட்டின் சாலைகளிலேயே நாள் கணக்கில் ஓட்டவேண்டும். கார் வாங்க வழியில்லாத இத்தாலியர்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள். பக்கத்து ஊர்ப் பையன் ஓட்டிப்போன அதே வண்டியை அடுத்த வாரம் கடையில் போய் விசாரிப்பார்கள். கம்பெனிகளுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறில்லை. சின்ன எஞ்சின்களின் பிரிவில் அப்போது கொடிகட்டிப் பறந்தது லாவெர்தா. அதுவோ பிரகான்சேயில் விவசாய இயந்திரம் செய்துவந்த குடும்பம்!

சில மாதங்களிலேயே வண்டி தயாரானது. 98 சிசி, ஒற்றை சிலிண்டர், ஏறத்தாழ 80 கிலோ எடை. பட்டியலில் பெயர் கிரான் ஸ்போர்ட். 1954-ஐப் போப் பன்னிரண்டாம் பயஸ் மரியன்னைக்குரிய ஆண்டாக அறிவித்திருந்ததால், பட்டறையில் அதை மரியான்னா என்று கூப்பிட்டார்கள். பட்டறைப் பெயர்தான் நிலைத்தது.

இதன் உயிர் வலப்பக்கத்தில் இருக்கிறது. மலிவு விலை எஞ்சின்களில் வால்வைத் திறக்க நீண்ட புஷ்ராடுகள் ஏறி இறங்கும். வேகம் கூடினால் அவை தடுமாறும். தாலியோனி அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, செங்குத்தாக ஒரு தண்டை நிறுத்தி, இரு முனையிலும் பெவல் கியர் வைத்தார். கிராங்கின் சுழற்சி நேராக மேலே கேமுக்குப் போனது. நிமிடத்துக்கு 9,000 சுற்று, சுமார் 9 குதிரைத்திறன். நூறு சிசிக்கு அந்தக் காலத்தில் அது பேராசை.

சேகரிப்பாளர்களின் தலைவலியும் அதே இடத்தில்தான். கியர்ப் பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளைச் செருகிச் சரிசெய்ய வேண்டும். கொஞ்சம் இறுகினால் கியர் தேயும். தளர்ந்தால் வால்வின் நேரம் பிசகும். பொறுமையில்லாத மெக்கானிக் கைவைத்த எஞ்சினைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். இமோலா பந்தயத் தளத்தில் செப்டம்பர்தோறும் கூடும் பழைய வண்டிச் சந்தையில், டேங்கின் பளபளப்பைப் பார்த்து நிற்பவர் புதியவர்; குனிந்து எஞ்சின் எண்ணைத் தேடுபவர் அனுபவசாலி. அசல் மரியான்னா அரிது, நகல்களோ உண்டு. வால்வு ஸ்பிரிங்குகள் மூடியில்லாமல் வெளியே தெரிகின்றனவா என்று முதலில் பாருங்கள். பர்ஸ் கனமில்லாதவர்களுக்கு என் சிபாரிசு மோரினியின் 175 செத்தெபெல்லோ. அதுவும் பொலோனியாக்காரிதான், சீட்டாட்டத்திலிருந்து பெயர் வாங்கியவள். எளிய புஷ்ராடு எஞ்சின், தூக்கத்தைக் கெடுக்காது.

1955 மோட்டோஜிரோவின் 100 சிசி பிரிவில் மரியான்னாவை முதலாவதாகக் கொண்டுவந்தவர் ஜானி தெக்லி அந்தோனி. அடுத்த ஆண்டு 125 சிசி மரியான்னாவில் ஏறிய ஜூலியானோ மாவொஜ்ஜி, 175 சிசி வண்டிகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளி ஒட்டுமொத்தப் பந்தயத்தையே தட்டிச்சென்றார். தாலியோனிக்கு அதுவும் போதவில்லை. வால்வைத் திறக்க மட்டுமல்ல, மூடவும் ஸ்பிரிங்கை நம்பாமல் கேமையே வைத்த டெஸ்மோ எஞ்சினை அந்தக் கோடையில் ஸ்வீடனின் ஹெதெமோராவுக்கு அனுப்பினார். தெக்லி அந்தோனி மற்ற எல்லாரையும் ஒரு சுற்று முந்தி ஜெயித்தார். அவருடைய கடைசிப் பெரிய வெற்றி அது. சில வாரங்களில், மொன்சாவில் பயிற்சியின்போது விழுந்து இறந்தார்.

டுகாட்டி நிற்கவில்லை, பந்தயமும் நிற்கவில்லை. 1957 மோட்டோஜிரோவும் வழக்கம்போல நடந்து முடிந்தது. இன்று 175 சிசி வண்டிகளோடு நினைவு ஓட்டம் நடத்துகிறவர்கள், பழைய வண்டிகளுக்கான பிரிவில் 1957-க்குப் பிந்தியதை ஏன் ஏற்பதில்லை? எஞ்சின் எண்ணிலிருக்கும் ஓர் ஆண்டு வித்தியாசம் ஏன் விலையைப் புரட்டிப்போடுகிறது?

விடை இரண்டு சக்கர வண்டியில் இல்லை. 1957 மே 12. கார்களுக்கான மில்லே மிலியா பந்தயம் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. ஸ்பெயின் நாட்டுப் பிரபு அல்ஃபோன்சோ தெ போர்ட்டாகோ ஓட்டிவரும் ஃபெராரி ஓரிடத்தில் நிற்கிறது. மெக்கானிக்குகள் குனிந்து பார்க்கிறார்கள். டயர் ஒன்று காரின் உடலில் உரசிக்கொண்டிருக்கிறது. மாற்றிவிடலாம் என்கிறார்கள். நேரமில்லை என்று மறுத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார் போர்ட்டாகோ. முன்னால் குய்திசோலோ கிராமம். நேர்கோடு போன்ற சாலையின் இருபுறமும் ஜனங்கள், முன்வரிசையில் குழந்தைகள்...

(தொடரும்)